செக்குக் கொட்டகையும் மத்தியானச் சேவலும்

தென்காசி,
தாது வருஷம், வைகாசி 3

டம் டம் டம்!

இதனால் ராயகிரியில் வசிக்கும் சகல அக்காமார்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: தென்காசி கீழத்தெரு முப்பிடாதியம்மாள் வீட்டுச் சேவலானது, விடியற்காலையில் கூவும் வழக்கத்தை இன்று முதல் அறவே விட்டொழித்து, மத்தியானம் ஜனங்கள் சோற்றில் கை வைக்கும் நேரத்தில் கூவும். பொதுஜனங்கள் தங்கள் தூக்கத்தை அதற்குத் தக்கபடி திருத்தி அமைத்துக்கொள்ள வேண்டியது. டம் டம்!

அன்புள்ள அக்காள் முத்துவடிவுக்குத் தம்பி தளவாய் எழுதிக்கொண்டது. நான் சௌக்கியம். சித்தப்பா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நெல் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. சித்தி ஊற்றுகிற ரசத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

சேவல் கதை உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு நாள் எண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலையில் முண்டாசு கட்டி, இருட்டும் நேரத்தில் கீழத்தெருவில் தட்டிக்கொண்டே போனேன். 'விடியுமுன் கூவும் சேவல் ஒவ்வொன்றுக்கும் கூவல் வரி விதிக்கப்படும். அதிகாரிகள் நேரில் வந்து காது கொடுத்துக் கேட்பார்கள்!' என்றேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முப்பிடாதியம்மாள் மட்டும் சேவலைத் தூக்கிக் காலி நெற்குலுக்கைக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டாள். இரண்டு நாள் இருட்டில் கிடந்த பிராணிக்கு விடியல் எது, உச்சி எது என்று மறந்துபோயிற்று. தகரம் தட்டியவன் யாரென்று இன்றுவரை ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

நிற்க. அத்தான் மோட்டார் வாங்கிவிட்டார்கள் என்றும், ஆனியில் சாரல் தொடங்கியதும் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஆள் ஏற்றப் போகிறார்கள் என்றும், நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே தனிக்குடித்தனம் வரப்போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். குற்றாலத்துக்குக் கார் வரும் காலத்தில் காரும் வருவது நியாயந்தான். வீடு பார்க்கும் வேலையை என்னிடம் விடு. இந்த ஊரில் என்னைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. என் பெயரைச் சொன்னால் கதவுகள் தானாகத் திறக்கும்.

தளவாய்

-----

ராயகிரி,
வைகாசி 8

ஏலே தளவாய்,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை மாமா கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்கள். சேவலைக் குலுக்கையில் போட்ட இடம் வந்ததும் நிறுத்தி, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்களா, கோபத்தையா என்று தெரியவில்லை. கல்யாணத்தில் நீ அவர்கள் பட்டுத்துண்டின் நுனியைப் பந்தல்காலில் கட்டினாயே, அட்சதை போட எழுந்தபோது வாழைமரத்தோடு சேர்ந்து சாய்ந்தார்களே, அதை இந்த ஊரில் இன்னும் யாரும் மறக்கவில்லை. 'அந்தப் பய இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது' என்று அன்றைக்குச் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது. நானும் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால்தான் ஒரு வருஷமாக உன் முகத்தைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீடு விஷயம் விளையாட்டில்லை, நன்றாகக் கேட்டுக்கொள். அந்த மோட்டாருக்காக மாமா கிணற்றடி வயலை விற்றிருக்கிறார்கள். சாயங்காலமானால் மாட்டைத் தடவுவதுபோல் அதைத் தடவிக் கொடுக்கிறார்கள். எங்கள் கோழி பின்சீட்டில் முட்டையிட்டதற்கு அத்தைக்கு வசவு. மாமா சொல்வது இதுதான்: 'வண்டியைத் தெருவில போடுத வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன். வண்டிக்கே ஒரு கூரை பாக்கத் தெரியாதவன் பொண்டாட்டிக்கு என்னத்தப் பாக்கப்போறான்?' ஆகவே வண்டியை உள்ளே விட்டுப் பூட்டுகிற மாதிரி வீடாக இருக்க வேண்டும்.

அதுவும் வைகாசிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் வீடு மாறக்கூடாது என்று அத்தை கண்டிப்பாக இருக்கிறார்கள். தப்பினால் ஆவணிதான். அத்தான் லைசென்ஸுக்குத் திருநெல்வேலிக்கும், வண்டிக்கு உதிரிச் சாமான் வாங்க மதுரைக்கும் அலைகிறார்கள். அவர்களுக்கு வீடு தேட நேரமில்லை. உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

வீடு கிடைத்தால் நீ எங்களோடு வந்துவிடலாம். அம்மா போனபின் உன்னைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வில்வண்டியில் ஏறினேன். அன்றைக்கு நீ அழவில்லை. குறுக்கே ஓடி, மாட்டுக்குப் பழிப்புக் காட்டினாய். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. தலையில் எண்ணெய் வைத்துக்கொள்கிறாயா?

முத்துவடிவு

-----

தென்காசி,
வைகாசி 17

அக்காளுக்கு,

வீடு பெறுவதற்காகப் பெரியவர்கள் காட்டுக்குப் போய்த் தவம் செய்தார்கள் என்று தமிழ் வாத்தியார் சொன்னபோது நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

முதலில் மைதீன் ராவுத்தர் வீடு. நல்ல மனுஷர். பின்கட்டில் எருமைத் தொழுவம், ஓரமாக வண்டி நிற்க இடமும் உண்டு. 'எல்லாம் சரி தம்பி, உங்க மோட்டார் ஊளையிடுமா?' என்று கேட்டார். 'ஊளை இல்லை அண்ணாச்சி, ஹாரன்' என்றேன். வாயால் ஒரு தரம் அடித்தும் காட்டினேன். எருமை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடித்து வந்து கட்டியதும் அவர் என் தோளில் கை வைத்து, 'நீங்க வேற இடம் பாருங்க தம்பி, எனக்குப் பால் வேணும்' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்தது ரதவீதி ராமசேஷன் வீடு. வாசல் அகலம், முன்னால் கீற்றுப் பந்தல். அவர் மேல்துண்டால் விசிறிக்கொண்டே, 'இங்க கோயில் தேர் வரும். அன்னைக்குப் பந்தலைப் பிரிக்கணும், உங்க தேரு எங்க ஒதுங்கும்?' என்றார். 'அதுவும் வடம் பிடித்தால் வரும் மாமா' என்றேன். உண்மைதானே, அத்தானின் வண்டியைப் பாதி வழி ஆட்கள்தானே தள்ளுகிறார்களாம்? அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது வீட்டில் வண்டி கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றார்கள். நாலாவது வீட்டில் வண்டிக்கு இடம் உண்டு, மனுஷருக்கு இல்லை. அது வைக்கோல் படப்பு.

இப்போது நிமிர்ந்து உட்கார். மாமாவையும் கூப்பிடு, சத்தமாகவே வாசிக்கட்டும்.

கிடைத்துவிட்டது! முன்னே வீடு: ஒரு கூடம், இரண்டு அறை, மேற்கே ஜன்னல் வைத்த அடுக்களை. அதில் நின்றால் மலை தெரியும். மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே குழம்பு தாளிக்கலாம். வீட்டை ஒட்டிப் பழைய செக்குக் கொட்டகை. செக்கைப் பெயர்த்து எடுத்து வருஷங்களாகிவிட்டன. ஓட்டுக்கூரை, இரட்டைக் கதவு, உள்ளே மாடு சுற்றிச் சுற்றித் தேய்ந்த வட்டமான தரை. அத்தான் வண்டியை உள்ளே கொண்டுபோய், அந்த வட்டத்திலேயே திருப்பி, முகம் வாசலைப் பார்க்க நிறுத்திவிடலாம். தென்காசியில் மோட்டாருக்கென்றே முன்கூட்டி மாடு சுற்றிப்போட்ட இடம் வேறு எங்கே இருக்கிறது?

அந்த இரண்டு அறையில் சிறியதன் சுவரில் ஒரு மாடம். என் புத்தகங்களுக்குச் சரியாக இருக்கும். விளக்கு வைத்தால் பள்ளிப் பாடம்கூடப் படிக்கலாம். நீ பயந்துவிடாதே, வைத்தால் என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கார அம்மாளிடம் நாளைக்குப் பேசி முடிக்கிறேன். பெயர் இப்போது வேண்டாம், கண் பட்டுவிடும்.

வெற்றி வீரன்,
தளவாய்

-----

ராயகிரி,
வைகாசி 21

என் ராசா,

மாமா மூன்று முறை வாசித்தார்கள். 'மாடு சுத்தின தரை கல்லு மாதிரி இருக்கும், டயருக்கு நல்லது' என்றார்கள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 'அந்தப் பய' என்று சொல்லாமல் 'தளவாய்' என்று சொன்னார்கள். முதல் தடவை.

பால் காய்ச்சப் புதுப் பானை வாங்கியாகிவிட்டது. அம்மாவின் அரிவாள்மணையைப் பரணிலிருந்து இறக்கித் துருவைத் தேய்த்து வைத்திருக்கிறேன். அத்தை வைகாசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நல்லது என்றார்கள். அடுக்களை ஜன்னலில் மலை தெரியும் என்று எழுதினாயே, இங்கே நான் சோறு வடிக்கிற இடத்தில் ஜன்னல் கிடையாது. புகையும் நானும்தான்.

மாடம் வைத்த அறை உனக்கே. அதில் நான் ஒரு சாமானும் வைக்க மாட்டேன். உனக்கு என்ன ஆக்கிப் போட வேண்டும் என்று எழுது. முதல் நாள் அதைத்தான் ஆக்குவேன்.

வாடகை பேசிவிட்டாயா? வீட்டுக்கார அம்மாள் எப்படிப்பட்டவர்? உடனே எழுது. தபால்காரன் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். அத்தை பார்த்துச் சிரிக்கிறார்கள்.

முத்துவடிவு

-----

தென்காசி,
வைகாசி 27

அக்காளுக்கு,

அந்த வீடு சரிப்படாது. கொட்டகையின் நிலை உயரம் போதவில்லை. வண்டியின் கூரை இடிக்கும். நான் கோல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

வேறு வீடும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வாடகை வீட்டுக்கு அலைந்து என் கையும் காலும் வாடியதுதான் மிச்சம். இதில் சிரிக்க ஒன்றுமில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

பானையைப் பத்திரமாக வை.

தளவாய்

-----

ராயகிரி,
ஆனி 22

தளவாய்க்கு,

உடனே எழுத மனம் வரவில்லை. எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். யாரைத் திட்டுவது? ஒரு கதவு உயரம் குறைவாக இருப்பதற்கு நீ என்ன செய்வாய்?

அத்தான் ஆனி பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டார்கள். உன்னையும் வந்து பார்த்ததாகச் சொன்னார்கள். ஸ்டேஷன் பக்கம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அதற்குள்ளேயே காலை மடக்கிப் படுக்கிறார்களாம். போன வாரம் ஒரு நாள் இங்கே வந்தார்கள். சட்டையெல்லாம் அருவிக்கரை எண்ணெய் வாசம். குளித்து வருகிறவர்கள் ஈரத்தோடும் எண்ணெயோடும் ஏறி உட்காருகிறார்களாம். எனக்கென்று நான்கு மங்குஸ்தான் பழம் கொண்டுவந்தார்கள். சாரலைத்தான் கொண்டுவர முடியவில்லை என்றார்கள். மறுநாள் விடியுமுன் போய்விட்டார்கள். அந்தச் சட்டையைத் துவைக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இதை உன்னிடம் எழுதக்கூடாது. யாரிடம் எழுதுவது?

மேற்கே மலைமேல் கறுத்துக்கொண்டு வரும். நீங்கள் இரண்டு பேரும் நனைகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே காற்று மட்டும் வரும்.

அத்தான் ஒன்று சொன்னார்கள். கீழத்தெருப் பக்கம் ஆள் இறக்கப் போனபோது ஒரு செக்குக் கொட்டகையைப் பார்த்தார்களாம். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று அதற்குள் தட்டாமல் முட்டாமல் போயிற்றாம். 'இது அவன் எழுதின கொட்டகையா இருக்காது' என்றார்கள். நானும், 'இருக்காது' என்றேன். நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆவணிக்கு வேறு வீடு பார். வண்டி தெருவில் நின்றால் நிற்கட்டும். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் நீ படுக்க ஓர் இடம் இல்லாத வீடு எனக்கு வேண்டாம். அது அரண்மனையாக இருந்தாலும் வேண்டாம். அதை முதலில் பார், மற்றதெல்லாம் பிறகு.

அக்காள்

-----

தென்காசி,
ஆனி 29

அக்கா,

உன் கடிதத்தைக் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன்.

அது அதே கொட்டகைதான். நான் கோலும் வைக்கவில்லை, அளக்கவும் இல்லை. அந்த நிலையில் யானையே போகும். சரியில்லாதது என் நிலைதான்.

வீட்டுக்காரி யார் தெரியுமா? முப்பிடாதியம்மாள். சேவல்காரி. செக்கு அவள் புருஷன் ஆட்டியது; அவர் போனபின் கொட்டகை சும்மா கிடக்கிறது. அவள் குடியிருப்பது அதற்கு அடுத்த வீட்டில். நான் பேசப் போனபோது அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். உன் பெயர், அத்தான் பெயர், எந்த ஊர், வண்டி புகை விடுமா, நீ கோலம் போடுவாயா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில்,

'நீ யாரு?' என்றாள்.

'அவங்க தம்பி. தளவாய். நானும் கூட இருப்பேன்' என்றேன்.

முறுக்கு உழக்கைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்து உச்சி வெயிலில் அந்தச் சேவல் கூவியது, அக்கா. சத்தியமாக.

'ஏலே, தகரம் தட்டினவன் நீதானலே?'

'யார் சொன்னா?'

'யாரு சொல்லணும்? முண்டாசு கட்டினா தொண்டை மாறிருமா? தெருவுக்கே தெரியும். கேளு. உங்க அக்கா வரட்டும், அத்தான் வரட்டும். மோட்டாரும் வரட்டும், ஊளையிட்டாலும் இட்டுட்டுப் போட்டும். நீ வரக்கூடாது. சம்மதம்னா சாவி அங்கன ஆணியில தொங்குது, எடுத்துக்கோ.'

சாவி கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் தொங்கியது. நான் எடுக்கவில்லை.

வண்டிக்கு இடம் இருந்தது. உனக்கு ஜன்னல் இருந்தது. எனக்குத்தான் இல்லை. ராயகிரி வாசலை மிதிக்கக்கூடாது என்பதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்வேன். ராயகிரி தூரம், நடுவில் எத்தனையோ ஊர் இருக்கிறது, அதனால்தான் உன்னைப் பார்க்க முடியவில்லை என்று எனக்கு நானே கதை விட்டுக்கொள்ளலாம். நீ இதே ஊரில், நான்கு தெரு தள்ளி, மலையைப் பார்த்துக்கொண்டு குழம்பு தாளிப்பாய். நான் சித்தி வீட்டு நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேன். அதற்கு என்ன கதை விடுவது? ஒன்றும் அகப்படவில்லை. அதனால் உனக்கு ஒரு கதை விட்டேன்.

என்னால் நீ ஒரு சீசன் முழுக்கப் புகையில் நிற்கிறாய். அத்தான் வண்டிக்குள் காலை மடக்குகிறார்கள். ஒரு நாள் அவர்கள் தூங்குவதை நான் போய்ப் பார்த்தேன். பாதம் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே சாரலில் நனைந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்து மூடினேன். அவர்கள் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்று வழக்கமாகத் தோன்றியிருக்கும். தோன்றவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே முப்பிடாதியம்மாளிடம் போனேன். வீடு இன்னும் காலிதான். ஆனியில் யார் குடி வருவார்கள்? 'அக்காளுக்கும் அத்தானுக்கும் ஆவணியில் குடுங்க. நான் வரலை. நான் பள்ளிக்கூட விடுதியில் சேந்துக்கிடுதேன்' என்றேன். சொல்லும்போது தொண்டை சேவல் தொண்டை ஆகிவிட்டது. நீ 'அது வேண்டாம்' என்று எழுதியிருப்பது தெரியும். அரண்மனை வேண்டாம் என்றுதானே எழுதினாய்? இது செக்குக் கொட்டகை.

'எதுக்குலே மூக்கை உறிஞ்சுத? சளியா?' என்றாள். 'சாரல்' என்றேன்.

'வீடு உங்க அக்காளுக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்' என்றாள். பிறகு, 'நீ கெடுத்த சேவலை நீயே சரிபண்ணு. அது பழையபடி விடியக்காலம் கூவுத அன்னைக்கு உன் விஷயத்தைப் பேசுவோம்' என்றாள்.

அன்றுமுதல் நான் வாத்தியார் ஆகிவிட்டேன், அக்கா. கிழக்கு வெளுக்குமுன் எழுந்து கீழத்தெருவுக்குப் போய், கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கூவிக் காட்டுகிறேன். என் மாணாக்கன் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். பால்காரர், தண்ணீர்க்குடம் எடுத்துப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். மைதீன் ராவுத்தர்கூட நேற்று, 'தம்பி, எருமையைவிட இது கஷ்டம் போல' என்றார். இந்த ஊரில் என்னைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை என்று எழுதினேனே, நான் எழுதியதில் அது ஒன்றுதான் மெய். என் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும் என்றதுதான் பொய்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. என் வித்தை வீண்போகவில்லை. இன்றைக்கு விடியுமுன், தெருவே எழுந்திருக்கும்படி அப்படி ஒரு கூவல்! முப்பிடாதியம்மாள் கதவைத் திறந்து வந்தாள். 'கூவிட்டுபோல' என்றாள். சிரிக்கவில்லை. 'ஆவணியில் வரச் சொல்லு. அந்த மாடம் வச்ச அறையை உனக்கு வெள்ளையடிச்சு வைக்கேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பானையை இறக்கி வை. வந்ததும் எனக்கு ஒன்றும் ஆக்கிப் போட வேண்டாம். முன்பெல்லாம் எழுப்புவதற்குப் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவாயே, அது போதும். ஒரு வருஷப் பாக்கி இருக்கிறது.

உன் தம்பி,
தளவாய்

பி.கு.: உன்னிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று இருக்கிறேன். இன்றைக்குக் கூவியது நான்தான். முப்பிடாதியம்மாளுக்கும் அது தெரியும். அவள் கதவைத் திறந்து வந்தபோது சேவல் அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.